சென்டர் பேரிங் போய்விட்டதா? பழைய காரின் ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

எஞ்சின் முன்னால் இருந்து பின்சக்கரம் இழுக்கும் பழைய கார்கள் பலவற்றில் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்னால் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாய்) ஒரே துண்டாக இருக்காது. வோல்வோ 240, மெர்சிடிஸ் டபிள்யூ123, பி.எம்.டபிள்யூ ஈ30 போன்றவற்றில் அது இரண்டு துண்டு. நடுவில் ஒரு பேரிங் அதைத் தாங்கி நிற்கும். நீளமான குழாய் வேகமாகச் சுற்றும்போது ஸ்கிப்பிங் கயிறு மாதிரி நடுவில் வளைந்து வீசத் தொடங்கும். எந்த வேகத்தில் அது தொடங்கும் என்பது நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதம்: நீளம் பாதியானால் அந்த வேகம் நான்கு மடங்கு மேலே போய்விடும். அதனால்தான் ஷாஃப்டை இரண்டாக்கி நடுவில் தாங்கு கொடுக்கிறார்கள்.

அந்தத் தாங்கில் மூன்று உறுப்புகள் இருக்கின்றன. உள்ளே ஒரு சாதாரண பால் பேரிங், அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், அதற்கு வெளியே காரின் தரையில் போல்ட் போட்டு இறுக்கிய தகட்டு பிராக்கெட். இதற்கு ஒட்டிப் பின்னால்தான் நடு ஜாயின்ட்டின் கிராஸ் இருக்கும்; இரண்டு துண்டையும் கோணத்தில் திரும்ப விட்டு இணைக்கும் சிலுவை வடிவ இரும்பு அது. இந்த நான்கில் எது கெட்டாலும் "சென்டர் பேரிங் போச்சு" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதால்தான், புதுப் பேரிங் போட்டும் பழைய தொல்லை போகாத கார்கள் அத்தனை இருக்கின்றன. ரீங்காரம் வந்தால் முதல் சந்தேகம் பேரிங் மேல். நடுக்கம் வந்தால் ரப்பர் மேல். டக்கென்று தட்டினால் கிராஸ் மேல். விதிவிலக்குகள் உண்டு; கீழே அந்தந்த இடத்தில் வரும். ஆனால் தேடலை இந்த வரிசையில் தொடங்கினால் வேண்டாத பொருளை வாங்க மாட்டீர்கள்.

அறிகுறி 1: வேகம் கூடக் கூட ஏறும் ரீங்காரம்

முன்சீட் இரண்டுக்கும் நடுவில், ஹேண்ட் பிரேக் லீவருக்குக் கீழிருந்து "ம்ம்ம்" என்று ஒரு சத்தம். 30, 40 கி.மீ. வேகத்தில் மெல்லத் தொடங்கி, வேகத்தோடு சேர்ந்து சுருதி ஏறும். கவனிக்க வேண்டியது இதுதான்: சத்தம் வண்டியின் வேகத்தோடு போகிறதா, எஞ்சின் சுற்றோடு போகிறதா?

ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலையில் 60 கி.மீ. வேகத்தை நிலையாக வைத்துக்கொண்டு நாலாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றுங்கள். எஞ்சின் சத்தம் ஏறும். ரீங்காரத்தின் சுருதி மாறவில்லை என்றால் கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான். அடுத்து நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியைத் தானாக உருளவிடுங்கள். எஞ்சினை அணைக்கக் கூடாது. பிரேக் பூஸ்டர் கைவிட்டுவிடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். உருளும்போதும் அதே சத்தம் அப்படியே வந்தால் சென்டர் பேரிங் அல்லது வீல் பேரிங். ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் மாறினால் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) பற்களைச் சந்தேகியுங்கள்.

வீல் பேரிங்கைப் பிரிப்பது சுலபம். அகலமான காலிச் சாலையில் வண்டியை மெல்ல இடதும் வலதுமாக வளைத்து ஓட்டிப் பாருங்கள். எடை ஒரு பக்கம் சாயும்போது சத்தம் கூடிக் குறைந்தால் அது வீல் பேரிங். சென்டர் பேரிங்குக்கு வளைவு எதுவும் தெரியாது. ஒரே மாதிரி பாடிக்கொண்டே இருக்கும்.

அறிகுறி 2: புறப்படும்போது நடுக்கம்

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது தரை முழுக்க "தடதட"வென்று அதிர்ந்து, 25 அல்லது 30 கி.மீ. தாண்டியதும் காணாமல் போகிறது. நாலு பேர் ஏறினால், மேடு ஏறினால் அதிகமாகிறது. இது பெரும்பாலும் ரப்பர்.

காரணம் இது. கோணத்தில் நிற்கும் ஒரு கிராஸ் ஜாயின்ட் வழியாக முறுக்கு விசை போகும்போது, அந்த ஜாயின்ட் தன்னை நேராக்கிக்கொள்ளப் பார்க்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை ஷாஃப்டின் நடுப்பகுதியை அது எக்கித் தள்ளும். நல்ல ரப்பர் அதை விழுங்கிவிடும். வெடித்த ரப்பரோ எண்ணெயில் ஊறிக் கூழான ரப்பரோ ஷாஃப்டைத் துள்ள விட்டுவிடும். முதல் கியரில் முறுக்கு அதிகம், அதனால்தான் புறப்படும்போது மட்டும் இந்த ஆட்டம்.

கிளட்ச் உதறலும் இதே மாதிரி இருக்கும். பிரிக்க ஒரு சோதனை: இரண்டாவது கியரில் 15 கி.மீ. வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும்போது, கிளட்ச் மிதியிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். கிளட்ச் முழுவதும் பிடித்த பிறகும் உதறினால் அது கிளட்ச் அல்ல. எஞ்சின், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர்களையும் இதே சமயத்தில் பார்த்துவிட வேண்டும். அவை இறங்கிப்போனாலும் இதே நடுக்கம்தான் வரும்.

அறிகுறி 3: கியர் விழும்போது "டக்"

ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும், முன்கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் அடியில் ஒரு இரும்புத் தட்டல். பேரிங்கை இங்கே கடைசியாகச் சந்தேகியுங்கள். தேய்ந்த கிராஸ், தேய்ந்த ஸ்ப்லைன் பற்கள் (ஒன்றுக்குள் ஒன்று செருகும் நீளவாட்டுப் பற்கள்), தளர்ந்த ஃப்ளாஞ்ச் (ஷாஃப்ட் முனையில் போல்ட் போடும் தட்டு) போல்ட், டிஃபரன்ஷியல் பல் இடைவெளி என்று வரிசையாகப் பாருங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: ரப்பர் முழுவதும் கிழிந்து, பேரிங் பிராக்கெட்டுக்குள் தனியாகத் தொங்கினால், முறுக்கு விழும்போது ஷாஃப்டே மேலே போய்த் தரைத் தகட்டில் இடிக்கும். அந்தத் தட்டல் சற்று மந்தமாக, பெட்டியில் குத்தியது போலக் கேட்கும். அப்படிக் கேட்டால் வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். ஷாஃப்ட் கழன்று விழுந்தால் பக்கத்தில் ஓடும் பிரேக் குழாயையும் பெட்ரோல் குழாயையும் அடித்து நொறுக்கிவிடும்.

அறிகுறி 4: மெதுவாகப் போகும்போது "கீச் கீச்"

நடை வேகத்தில் குருவி கத்துவது போல ஒரே தாளத்தில் வரும். வேகம் ஏறினால் மற்ற சத்தங்களில் மறைந்துவிடும். இது காய்ந்த கிராஸாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கிராஸின் கிண்ணங்களை (அதன் முனைகளில் ஊசி பேரிங்கோடு மாட்டிய மூடிகள்) சுற்றித் துருப்பொடி செம்பழுப்பாகக் கசிந்திருந்தால் உள்ளே ஊசிகள் துருவில் அரைபடுகின்றன. சீல் கிழிந்து கிரீஸ் வற்றிய சென்டர் பேரிங்கும் கீச்சிடும். ஆனால் அது சீக்கிரமே அறிகுறி 1-இன் ரீங்காரமாக மாறிவிடும்.

அறிகுறி 5: 80 கி.மீ.க்கு மேல் மட்டும் அதிர்வு

இதற்குச் சென்டர் பேரிங் காரணமாக இருப்பது குறைவு. இது சக்கரமா ஷாஃப்டா என்பதைக் கணக்குப் போட்டே பிரிக்கலாம். சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.9 மீட்டர் உருள்கிறது, டிஃபரன்ஷியல் விகிதம் 4.1 என்று வைத்துக்கொள்வோம். 90 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 13 முறை சுற்றும், ஷாஃப்ட் 54 முறை சுற்றும். கைபேசியில் அதிர்வெண் காட்டும் செயலியை வைத்து அளந்தால், 13-க்குப் பக்கத்தில் முகடு வந்தால் டயர் அல்லது ரிம். 54-இல் வந்தால் ஷாஃப்ட் பேலன்ஸ் அல்லது வளைவு. 108-இல் வந்தால் ஜாயின்ட் கோணம் அல்லது கிராஸ். உங்கள் காரின் விகிதத்தையும் டயர் சுற்றளவையும் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அடியில் போய்ப் பார்ப்பது

முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தை ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. பின்னால் ஒரே இரும்பு அச்சு உள்ள கார் என்றால் ஸ்டாண்டை அச்சுக்குக் கீழே வையுங்கள், பாடிக்குக் கீழே வேண்டாம். அச்சு தொங்கினால் ஜாயின்ட்டின் கோணம் ஓடும்போது இருப்பதைவிட அதிகமாகிவிடும், பார்ப்பதெல்லாம் தப்பாகத் தெரியும். ஈ30 போல டிஃபரன்ஷியல் பாடியோடு சேர்ந்து நிற்கும் கார்களில் இந்தக் கவலை இல்லை. எஞ்சினை ஓட்டிக்கொண்டு அடியில் படுக்கும் வேலை எந்தக் காரிலும் வேண்டாம். கையால் சுற்றினாலே போதுமானது தெரியும்.

கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விடுவிப்பு. ஒரு கையால் பேரிங் பிராக்கெட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஷாஃப்டை மெதுவாகச் சுற்றுங்கள். கெட்ட பேரிங்கின் சொரசொரப்பு, மணலை அரைப்பது போல, பிராக்கெட்டில் வைத்த விரல்நுனிக்குத் தெரியும். காதைவிட விரல் இங்கே நம்பகமானது.

பிறகு ஷாஃப்டைப் பேரிங்குக்கு ஒட்டிப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ரப்பர் சில மில்லிமீட்டர் நெகிழ்வது இயல்பு; கையை விட்டதும் நடுவுக்குத் திரும்பிவிட வேண்டும். நெகிழ்வில்லாமல் "கிளிக்" என்று இரும்பு ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. நடுவுக்குத் திரும்பாமல் கீழேயே தங்கினால் ரப்பர் முடிந்தது. விளக்கை ரப்பரின் மடிப்புக்குள் காட்டி, ஷாஃப்டை ஒரு பக்கம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். சும்மா பார்க்கும்போது மூடியிருக்கும் வெடிப்பு, தள்ளும்போதுதான் வாய் திறக்கும்.

மேலே தரைத் தகட்டில், பேரிங்குக்கு நேராக, வட்டக் கோடாகக் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். அங்கிருந்து முன்னால் கண்ணை ஓட்டுங்கள். கியர்பாக்ஸின் பின் சீலிலிருந்து எண்ணெய் கசிந்து பின்னோக்கி வழிகிறதா? அப்படியென்றால் ரப்பரைக் கொன்றது அதுதான். சீலை மாற்றாமல் புது ரப்பர் போடுவது வீண்.

கடைசியாகக் கிராஸ். முன் ஷாஃப்டை ஒரு கையாலும் பின் ஷாஃப்டை மறுகையாலும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். கிராஸுக்கும் யோக்குக்கும் (கிராஸைப் பிடித்திருக்கும் கவை) இடையே கண்ணுக்குத் தெரியும் எந்த அசைவும் கூடாது. டிஃபரன்ஷியல் முனையில் சில டிகிரி ஆட்டம் இருப்பது பல் இடைவெளி. அதைக் கிராஸின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

என்ன வாங்குவது

பேரிங், ரப்பர், பிராக்கெட் மூன்றும் சேர்ந்த முழுத் தொகுதியாக வாங்குவதே நல்லது. பழைய காரில் முதலில் சாவது ரப்பர். பேரிங்கை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மறுபடி ஷாஃப்டைக் கழற்ற வேண்டிவரும். முழுத் தொகுதி கிடைக்காத மாடல்களில், ரப்பர் உண்மையிலேயே நல்ல நிலையில் இருந்தால் மட்டும், பேரிங்கை எண் பார்த்து வாங்கலாம். 6206 என்று இருந்தால் கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்குங்கள்: உள்துளை 30 மி.மீ. வெளிவிட்டம் 62, அகலம் 16. 6006-க்கும் உள்துளை 30 தான், ஆனால் வெளிவிட்டம் 55, அகலம் 13. துளையை மட்டும் அளந்து வாங்கிவிட்டால் ஹவுசிங்கில் (பேரிங்கின் வெளிக்கூடு) உட்காராது. எண்ணின் பின்னால் 2ஆர்எஸ் என்று இருக்க வேண்டும், அதாவது இரண்டு பக்கமும் ரப்பர் சீல். திறந்த பேரிங் இந்த இடத்துக்கு ஆகாது. சாலைத் தூசியும் தண்ணீரும் நேராக அடிக்கும் இடம்.

கூடவே நடு ஜாயின்ட்டுக்கு ஒரு கிராஸ் செட், சுயமாகப் பூட்டிக்கொள்ளும் புது நட்டுகள், தேவையானால் கியர்பாக்ஸ் பின் சீல். ஷாஃப்ட் கழன்றிருக்கும் நேரத்திலேயே கிராஸையும் மாற்றிவிட்டால் வேலை மிச்சம்.

கழற்றுவது

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் குறி போடுங்கள். இந்த வேலையில் எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். கம்பித் தூரிகையால் துடைத்து, வெள்ளைப் பெயின்ட்டால் நான்கு இடத்தில் கோடு: முன் ஃப்ளாஞ்ச் அல்லது முன் யோக், முன் ஷாஃப்டும் நடு யோக்கும் சேரும் இடம், நடு ஜாயின்ட்டின் இரண்டு யோக்குகள், டிஃபரன்ஷியல் ஃப்ளாஞ்ச். சாக்குக்கட்டி போதாது, பெட்ரோல் பட்டதும் போய்விடும். பிராக்கெட்டில் முன்பக்கம் எது என்று ஒரு அம்பு. பிராக்கெட்டுக்கும் பாடிக்கும் நடுவே தகட்டுத் துண்டுகள் இருந்தால் எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதி வையுங்கள். அவை குப்பையல்ல, ஜாயின்ட் கோணத்தைச் சரிசெய்ய வைத்தவை.

போல்ட்டுகளுக்குத் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். பெட்ரோல் குழாய் பக்கத்தில் இருப்பதால் நெருப்புக் காட்டக் கூடாது. போல்ட் எட்டுவதற்கு ஷாஃப்டைச் சுற்றும்போது நியூட்ரல். இளக்கும்போது கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்தால் ஷாஃப்ட் திரும்பாது. சில கார்களில் சைலன்சர் குழாயை முதலில் இறக்க வேண்டியிருக்கும். டபிள்யூ123 போல நடுவில் பெரிய இறுக்கு நட் உள்ளவற்றில் அதைக் காரில் இருக்கும்போதே இளக்கிவிட வேண்டும்.

முன்னால் ரப்பர் டிஸ்க் இணைப்பு இருந்தால் ஒரு ஒழுங்கு உண்டு: ரப்பர் பக்கம் இருக்கும் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஃப்ளாஞ்ச் பக்கம் இருப்பதை மட்டும் திருகுங்கள். மாற்றிச் செய்தால் ரப்பருக்குள் இருக்கும் இரும்புக் குழல் முறுக்கிக் கிழிக்கும்.

பின் ஃப்ளாஞ்சை முதலில் விடுவியுங்கள். பிராக்கெட் போல்ட்டுகளைக் கடைசியாக, ஒருவர் ஷாஃப்டைத் தாங்கிப் பிடித்திருக்கும்போது எடுங்கள். ஷாஃப்ட் ஜாயின்ட்டில் தொங்கவே கூடாது. யோக்குகள் ஒன்றோடொன்று முட்டிக் கிராஸின் கிண்ணம் நசுங்கும். முன்முனை கியர்பாக்ஸுக்குள் வழுக்கிச் செருகும் வகை என்றால், உருவியதும் எண்ணெய் கொட்டும். ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். திரும்ப மாட்டிய பிறகு மட்டம் பார்த்து எண்ணெய் ஊற்றவும் மறக்கக் கூடாது.

பழைய பேரிங்கை எடுப்பது

ஷாஃப்டை வைஸில் பிடிக்கும்போது யோக்கைப் பிடியுங்கள். குழாயைப் பிடித்தால் நெளியும், நெளிந்த குழாய்க்கு பேலன்ஸ் கிடையாது. குழாயில் ஒட்டவைத்த சின்னத் தகடுகள் பேலன்ஸ் எடைகள், அவற்றைத் தட்டிவிடாதீர்கள்.

அமைப்பு இரண்டு விதம். ஒன்றில் நடு யோக் ஸ்ப்லைனில் ஏறி ஒரு நட்டால் இறுக்கியிருக்கும்: நட்டை எடுத்து, புல்லரால் (நகங்களால் பற்றி இழுக்கும் கருவி) யோக்கை இழுத்தால் பேரிங் வெளியே தெரியும். மற்றதில் யோக் ஷாஃப்டோடு சேர்ந்தே இருக்கும், அல்லது பின் ஷாஃப்ட் ஸ்ப்லைனில் உருவும். சில மாடல்களில் கிராஸை எடுத்தால்தான் பேரிங் வரும். பேரிங்கின் முன்னும் பின்னும் தூசித் தகடுகள் இருந்தால் எது எந்தப் பக்கம், குழிவு எதைப் பார்த்து என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புல்லரின் நகங்களை உள்வளையத்துக்குப் பின்னால் கொடுத்து இழுக்க வேண்டும். ரப்பரைப் பிடித்து இழுத்தால் வெளிவளையம் மட்டும் கழன்று, உள்வளையம் ஷாஃப்டிலேயே நிற்கும். அப்படி நின்றுவிட்டால், சிறு கிரைண்டரால் வளையத்தின் தடிமனில் முக்கால் பங்குக்கு மேல் வரை சாய்வாக ஒரு வெட்டு போடுங்கள். ஷாஃப்டைத் தொடுவதற்கு முன் நிறுத்திவிடுங்கள். வெட்டில் உளி வைத்து ஒரே அடி, வளையம் வெடித்துத் தளரும். கடினப்படுத்திய எஃகு சிதறிப் பறக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த அடியை அடிக்காதீர்கள். ஸ்ப்லைன் மேல் ஈரத்துணி சுற்றியிருக்கட்டும்.

இப்போது பேரிங் உட்கார்ந்த இடத்தைப் பாருங்கள். மங்கலான ஒரே சாம்பல் நிறம் என்றால் நல்லது. கண்ணாடி போலப் பளபளப்பு, நீலம் பாய்ந்த நிறம், சுற்றிலும் கீறல் இவை இருந்தால் உள்வளையம் ஷாஃப்டின் மேல் வழுக்கிச் சுற்றியிருக்கிறது. மைக்ரோமீட்டர் வைத்து அளங்கள். 30 மி.மீ. பேரிங்குக்கு இருக்கை 30.00-க்கு ஒரு மயிரிழை மேலே இருக்க வேண்டும். 29.95 என்று வந்தால் புதுப் பேரிங்கும் வழுக்கும். சென்டர் பஞ்ச்சால் சுற்றிலும் குத்திப் புடைக்கவைப்பது பழைய பழக்கம். அந்தப் புள்ளிகள் கொஞ்ச நாளில் நசுங்கிவிடும், பேரிங்கும் நடுவில் உட்காராது. லேத் பட்டறையில் உலோகம் ஏற்றிக் கடைந்து வாங்குங்கள், இல்லையென்றால் முன் ஷாஃப்டையே மாற்றுங்கள்.

புதியதை ஏற்றுவது

புதுப் பேரிங் முதல் நாளே ரீங்காரமிட்டால் பெரும்பாலும் காரணம் இந்தக் கட்டத்தில்தான் இருக்கும். ஷாஃப்டின் மேல் ஏற்றும்போது அழுத்தம் உள்வளையத்தில் மட்டும் விழ வேண்டும். வெளிவளையத்திலோ ரப்பரிலோ அழுத்தினால் விசை குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைப் பதித்துவிடும். ஷாஃப்ட் தாராளமாக நுழையும், ஆனால் உள்வளையத்தைத் தாண்டிப் பரவாத குழாய்த் துண்டு ஒன்றை, முனை சதுரமாக வெட்டி, எடுத்துக்கொள்ளுங்கள். பிரஸ் இருந்தால் பிரஸ். இல்லையென்றால் குழாயின் மேல் சுத்தியலால் நிதானமாக, சுற்றிச் சுற்றி. பேரிங்கை மட்டும் ஹவுசிங்கில் நுழைப்பதாக இருந்தால் நியாயம் தலைகீழ்: அங்கே வெளிவளையத்தில் அழுத்தம்.

இறுக்கமாக இருந்தால் பேரிங்கைச் சூடாக்கலாம். சீல் உள்ள பேரிங்கை 80 டிகிரிக்கு மேல் கொண்டுபோகக் கூடாது, எண்ணெயில் போட்டுக் கொதிக்கவிடவும் கூடாது; உள்ளே இருக்கும் கிரீஸும் சீலும் கெடும். சீலைத் திறந்து கூடுதல் கிரீஸ் அடைக்கவும் வேண்டாம். தூசித் தகட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் லித்தியம் கிரீஸ் நிரப்புங்கள், அது தண்ணீரைத் தடுக்கும்.

தோளில் முட்டும் வரை ஏறிவிட்டதா என்று பார்த்து, கையால் சுற்றுங்கள். வழுவழுவென்று, எங்கும் பிடிக்காமல் சுற்ற வேண்டும்.

கிராஸ் மாற்றும்போது கிண்ணத்தில் ஊசிகள் எல்லாம் நிற்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு ஊசி அடியில் படுத்துவிட்டால் கிண்ணம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறையாக நிற்கும், சர்க்கிளிப் (கிண்ணம் வெளியே வராமல் தடுக்கும் கம்பி வளையம்) பள்ளத்தில் விழாது. அப்போது அடித்து இறக்கப் பார்க்காதீர்கள். கழற்றி ஊசியை நிமிர்த்துங்கள். எல்லாம் முடிந்ததும் ஜாயின்ட் விறைப்பாக இருந்தால் யோக்கின் காதில் வெளிப்பக்கமாகச் செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு. கிண்ணம் சர்க்கிளிப்பில் போய் உட்கார்ந்து இளகும்.

திரும்ப மாட்டும்போது

பெயின்ட் கோடுகள் நேருக்கு நேர் வர வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனாலே அதிர்வு வந்துவிடும். கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் கூடிக் குறையும்: 3 டிகிரியில் அது வெறும் 0.14 சதவீதம், 10 டிகிரியில் 1.5 சதவீதம். ஒரு ஜாயின்ட் செய்யும் இந்தக் கூடல் குறைவை இன்னொரு ஜாயின்ட் எதிராகச் செய்து அழிக்க வேண்டும். பற்கள் தள்ளிப்போனால் அழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும்.

பிராக்கெட்டைக் கையால் இறுக்கும் அளவுக்கு மட்டும் மாட்டி, எல்லா ஃப்ளாஞ்ச் போல்ட்டுகளையும் முதலில் இறுக்குங்கள். சாதாரண 8.8 தரப் போல்ட்டுக்கு எம்8 என்றால் சுமார் 25, எம்10 என்றால் சுமார் 50 நியூட்டன் மீட்டர். காரின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. நடு யோக்கின் பெரிய நட்டுக்கு மாடலுக்கு மாடல் வித்தியாசம், அதைக் கையேடு பார்க்காமல் இறுக்காதீர்கள். பிறகு வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் இரண்டடி தள்ளி, ரப்பர் எந்தப் பக்கமும் இழுபடாமல் தானாக நிற்கும் இடத்தில் பிராக்கெட்டை இறுக்குங்கள். பழைய பி.எம்.டபிள்யூ மாடல்கள் சிலவற்றில் மட்டும் பிராக்கெட்டைச் சில மில்லிமீட்டர் முன்னால் தள்ளி இறுக்கச் சொல்லியிருக்கும். அங்கே அதுதான் முறை.

முன்சக்கர இழுவைக் கார் என்றால்

இங்கே ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கிடையாது. ஆனால் சில கார்களில் இரண்டு பக்க ஷாஃப்டும் சம நீளமாக இருப்பதற்காக, நீளமான பக்கத்தில் ஒரு இடை ஷாஃப்ட் வைத்து, எஞ்சின் பிளாக்கில் ஒரு பிராக்கெட்டும் பேரிங்கும் கொடுத்திருப்பார்கள். அறிகுறி அதே ரீங்காரம், ஒரு பக்கமாக, டேஷ்போர்டுக்குக் கீழிருந்து. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது "கடக் கடக்" என்றால் அது வெளி ஜாயின்ட். நேராக வேகமெடுக்கும்போது உதறினால் உள் ஜாயின்ட். இரண்டும் பேரிங் அல்ல. இங்கே பெரிய தொல்லை துரு: அலுமினிய பிராக்கெட்டும் எஃகு வளையமும் ஒன்றாகிப்போயிருக்கும். ஷாஃப்டின் நுனியில் சுத்தியலால் அடித்தால் அடி நேரே கியர்பாக்ஸுக்குள் போகும், அதனால் பிராக்கெட்டோடு சேர்த்துக் கழற்றிப் பிரஸ்ஸில் எடுங்கள்.

மாட்டியும் தீரவில்லையா

ரீங்காரம் போய்ப் புதிதாக அதிர்வு வந்திருந்தால், குறியில் தவறு நடந்திருக்கிறது, அல்லது தகட்டுத் துண்டுகள் விடுபட்டிருக்கின்றன. முன்பே குறி போடாமல் கழற்றியிருந்தால், பின் ஃப்ளாஞ்சை 180 டிகிரி திருப்பி மாட்டிப் பாருங்கள். யோக்குகள் சரியாக நேர்நிற்கின்றனவா என்று கையேட்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஷாஃப்டை இரண்டு துண்டும் சேர்ந்தபடியே பேலன்ஸ் பார்க்கக் கொடுங்கள்.

சில மாதத்திலேயே புது ரப்பர் கிழிந்தால் குற்றம் ரப்பரிடம் இல்லை. கியர்பாக்ஸ் மவுண்ட் இறங்கியிருக்கும், பின் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும், அல்லது வண்டியைத் தாழ்த்தியிருப்பார்கள். கைபேசியின் சாய்வுமானியைக் கியர்பாக்ஸின் வால், முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் ஃப்ளாஞ்ச் நான்கிலும் வைத்து எண்களை எழுதுங்கள். வண்டி சமதரையில், தன் சக்கரத்தில், வழக்கமான எடையோடு நிற்கட்டும். அடுத்தடுத்த இரண்டு எண்களின் வித்தியாசமே அந்த ஜாயின்ட்டின் கோணம். பொதுவாக 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது. பின் ஷாஃப்டின் இரண்டு முனைக் கோணங்களும் ஒன்றுக்கொன்று 1 டிகிரிக்குள் வர வேண்டும். அதே சமயம் சுழியமாகவும் இருக்கக் கூடாது: ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்றால் கிராஸில் பள்ளம் விழும், அரை டிகிரியாவது வேண்டும். மவுண்டைப் புதிதாக்கிய பின்னும் எண் கூடுதலாக நின்றால், பிராக்கெட்டுக்கும் பாடிக்கும் நடுவே, இரண்டு போல்ட்டிலும் சமமாக 1 அல்லது 2 மி.மீ. தகடு கொடுத்து, ஓட்டி, மறுபடி அளங்கள். 100 கி.மீ. ஓடிய பிறகு எல்லாப் போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை சரிபார்த்து, தலையில் பெயின்ட் கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை கீழே படுக்கும்போது எது தளர்ந்தது என்று பார்வையிலேயே தெரிந்துவிடும்.